கூந்தலுக்கான ஹார்மோன் சிகிச்சையும் உங்கள் உணவுத் தட்டும்

சென்ற ஆண்டு கத்திரி வெயில் நாள்களில் ஒரு மாலை, அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. 46 வயதுள்ள பெண்மணி ஒருவர், கால்கள் துவண்டு, படி ஏற இயலாமல், நெஞ்சுப் படபடப்புடன் அழைத்து வரப்பட்டிருந்தார். அவருடைய இரத்தத்தில் பொட்டாசியத்தின் அளவு 6.4 என்று ஆய்வகம் தெரிவித்தது. லிட்டருக்கு ஏறக்குறைய 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை இருப்பதே இயல்பு. இதயத்துடிப்பின் வரைபடத்திலும் மாற்றங்கள் தென்பட்டன.

அவர் என்னுடைய நோயாளி. ஐந்து வாரங்களுக்கு முன்பு, வகிடு அகன்றுகொண்டே போகிறது என்ற வருத்தத்துடன் என்னிடம் வந்தவர். நான்தான் அவருக்கு ஸ்பைரோனோலாக்டோன் என்னும் மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தேன்.

இதயத்தைக் காக்கக் கால்சியம் ஊசியும், பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் செலுத்த இன்சுலினும் குளுக்கோசும் தரப்பட்டன. மறுநாள் காலை அளவு இயல்புக்குத் திரும்பியது. அவர் எழுந்து அமர்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அருகில் அமர்ந்து அவருடைய அன்றாட உணவைப் பற்றி விசாரித்தேன். இரத்த அழுத்தத்திற்கு நல்லது என்று கேள்விப்பட்டு, வீட்டில் சாதாரண உப்புக்குப் பதிலாக ‘சோடியம் குறைந்த உப்பு’ வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறார். வெயிலின் கடுமைக்காக நாள்தோறும் இரண்டு இளநீர் அருந்தியிருக்கிறார். இரத்த அழுத்தத்திற்காக அவர் உட்கொண்டுவந்த டெல்மிசார்டான் மாத்திரையை நான் அறிவேன். அதனால்தான் இரண்டு வாரத்தில் இரத்தப் பரிசோதனை செய்யுமாறு எழுதியிருந்தேன். உறவினர் திருமணத்திற்காக ஊருக்குச் சென்றதால் அந்தப் பரிசோதனை தள்ளிப்போயிற்று. அது நடந்ததா என்று நானும் விசாரிக்கவில்லை. ஆனால் உப்பையும் இளநீரையும் பற்றி நான் அறியவே இல்லை.

“சொல்லியிருப்பேன் டாக்டர். சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லையே” என்றார் அவர்.

அந்தச் சொல்லில் குற்றச்சாட்டு ஏதுமில்லை. எனினும் அது என் மனத்தில் தங்கிவிட்டது. சிறுநீரகம், கல்லீரல், கர்ப்பம், பிற மருந்துகள் என அனைத்தையும் கேட்ட நான், தட்டில் என்ன இருக்கிறது என்பதைக் கேட்கத் தவறியிருந்தேன். அவருடைய இசைவுடன், அடையாளம் தரும் விவரங்களைத் தவிர்த்து, இந்நிகழ்வை இங்கு எழுதுகிறேன். முடி உதிர்வுக்காக ஹார்மோன் சார்ந்த மருந்துகளை உட்கொள்ளும் பெண்களும் அவர்தம் குடும்பத்தினரும், அம்மருந்துகளுக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பை அறிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முடி உதிர்வுக்கு ஏன் ஹார்மோன் மருந்து?

நம் தலையில் ஏறக்குறைய ஒரு இலட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொரு முடியும் சில ஆண்டுகள் வளர்ந்து, சில மாதங்கள் ஓய்வெடுத்து, பின்னர் உதிர்கிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பு. சில பெண்களுக்கு, ஆண்ட்ரோஜன் எனப்படும் ஹார்மோன்களின் தாக்கத்தால் மயிர்க்கால்கள் படிப்படியாகச் சுருங்குகின்றன. முடி மெலிகிறது, வளரும் காலம் குறைகிறது, உச்சந்தலையில் வகிடு அகல்கிறது. இவர்களுள் பலருக்கு இரத்தத்தில் ஆண்ட்ரோஜன் அளவு இயல்பாகவே இருக்கும். மயிர்க்கால்கள் அந்த ஹார்மோனுக்கு அதிகமாக எதிர்வினை காட்டுவதே காரணம். பரம்பரைத் தன்மை, மாதவிடாய் நிற்கும் பருவம், சினைப்பை நீர்க்கட்டி நோய் எனப்படும் பிசிஓஎஸ் ஆகியவையும் இதில் பங்கு வகிக்கின்றன.

இதற்கு முதன்மையான சிகிச்சை, தலையில் தடவும் மினாக்சிடில் என்னும் மருந்து. அது ஹார்மோன் மருந்தன்று. அதனால் மட்டும் போதிய பலன் கிட்டாதபோது, அல்லது ஆண்ட்ரோஜன் மிகுந்திருப்பதற்கான அறிகுறிகள் இருக்கும்போது, ஹார்மோன் சார்ந்த மாத்திரைகளை நாடுகிறோம். ஸ்பைரோனோலாக்டோன், சைப்ரோடெரோன் அசிடேட், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகள், ஃபினாஸ்டரைடு ஆகியவை இவ்வகையின. இவை முதலில் வேறு நோய்களுக்காகவோ வேறு தேவைகளுக்காகவோ உருவாக்கப்பட்டவை. முடிக்காக இவற்றைத் தருவது மருத்துவரின் அனுபவத்தையும் ஆய்வுகளையும் சார்ந்த முடிவு. ஆகையால்தான் தொடர் கண்காணிப்பு இன்றியமையாததாகிறது.

மாத்திரை தலைக்காகத் தரப்பட்டாலும், அது இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் செல்கிறது. சிறுநீரகம், கல்லீரல், குடல் ஆகிய ஒவ்வோர் உறுப்பையும் அது தொடுகிறது. உணவிலிருந்து நாம் பெறும் சத்துகளுள் சிலவற்றின் அளவு அதனால் கூடுகிறது, சிலவற்றின் அளவு குறைகிறது.

ஸ்பைரோனோலாக்டோனும் பொட்டாசியமும்

ஸ்பைரோனோலாக்டோன், ஆண்ட்ரோஜனைத் தடுப்பதற்கு முன்பே அறியப்பட்ட பணி வேறு. அட்ரீனல் சுரப்பி சுரக்கும் ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனை அது தடுக்கிறது. ஆல்டோஸ்டிரோன், உடலில் சோடியத்தைச் சேமித்துப் பொட்டாசியத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவது. அதைத் தடுத்தால் சோடியமும் நீரும் வெளியேறும், பொட்டாசியம் தங்கும். இம்மாத்திரையைத் தொடங்கியவர்கள் சிலர் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும், தாகம் எடுப்பதும், எழுந்து நிற்கையில் தலைசுற்றுவதும் இதனாலேயே.

அச்சம் கொள்ளத் தேவையில்லை என்பதையும் உடனே சொல்ல வேண்டும். ஆரோக்கியமான இளம் பெண்களிடம் இம்மருந்தால் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு உயர்வது அரிது. முகப்பருவிற்காக இதை உட்கொண்ட 974 ஆரோக்கியமான இளம் பெண்களைப் பற்றி அமெரிக்காவில் 2015-இல் வெளியான ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. ஆகவே சிறுநீரகம் நன்றாக இயங்கும் 25 வயதுப் பெண், இம்மாத்திரைக்காக வாழைப்பழத்தையும் கீரையையும் கைவிட வேண்டியதில்லை.

கவனம் தேவைப்படுவோர் வேறு சிலர். 45 வயதைக் கடந்தவர்கள், நீரிழிவு நோயாளிகள், சிறுநீரகத் திறன் குறைந்தவர்கள், இதய நோயாளிகள் ஆகியோர் ஒரு பிரிவினர். டெல்மிசார்டான், லோசார்டான், எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளை உட்கொள்வோர் மற்றொரு பிரிவினர். மூட்டுவலிக்காக டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலிநிவாரணிகளைத் தொடர்ந்து உட்கொள்வோரும், சிறுநீர்த் தொற்றுக்காக டிரைமெத்தோபிரிம் கலந்த மாத்திரை பெறுவோரும் இவர்களுடன் சேர்வர். கருத்தடை மாத்திரைகளுள் ட்ரோஸ்பிரினோன் கலந்தவையும் சிறிதளவு பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் இயல்புடையவை. ஆகையால் இரண்டையும் ஒருசேர உட்கொள்வோர் அதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

இவர்கள் உணவில் முதலில் கவனிக்க வேண்டியது உப்பு. ‘சோடியம் குறைந்தது’ என்று விற்கப்படும் உப்புகளில், சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்பட்டிருக்கும். பிறருக்கு அது நன்மை தரலாம். பொட்டாசியம் வெளியேறுவதைத் தடுக்கும் மருந்தை உட்கொள்வோருக்கு அது பொருந்தாது. உப்புப் பொட்டலத்தின் பின்புறத்தில் ‘பொட்டாசியம் குளோரைடு’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது இளநீர். நடுத்தர அளவுள்ள ஓர் இளநீரில் ஏறக்குறைய 500 முதல் 700 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. எப்போதாவது ஒன்று அருந்துவது வேறு, நாள்தோறும் இரண்டு மூன்று அருந்துவது வேறு. உலர்திராட்சை, பேரீச்சை, காய்கறிச் சாறு, வாழைத்தண்டுச் சாறு ஆகியவற்றை ‘உடம்புக்கு நல்லது’ என்று அளவின்றி உட்கொள்வதற்கும் இது பொருந்தும்.

கால்கள் துவளுதல், தசைச் சோர்வு, மனம் போனபடி துடிப்பதுபோன்ற நெஞ்சுப் படபடப்பு ஆகியவை பொட்டாசியம் உயர்ந்ததன் அறிகுறிகளாக இருக்கலாம். சிலருக்கு அறிகுறியே இல்லாமலும் உயரும். ஆகையால் மருத்துவர் எழுதிய நாளில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே பாதுகாப்பு. வாந்தியோ வயிற்றுப்போக்கோ கடுமையாக இருந்தால், மாத்திரையைத் தொடரலாமா என்று அன்றைக்கே மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். நீர்ச்சத்து குறைந்த உடலில் இம்மருந்து சிறுநீரகத்திற்குச் சுமையாகிவிடும்.

பி12, ஃபோலிக் அமிலம்: மெதுவாகக் குறைபவை

பொட்டாசியம் சில நாள்களில் மாறுவது. வைட்டமின் பி12 மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் குறைவது. ஆகையால் அதைப் பலரும் கவனிப்பதில்லை.

சைப்ரோடெரோன் அசிடேட்டும் எத்தினைல் எஸ்ட்ராடியாலும் சேர்ந்த சிகிச்சையைப் பெற்ற, ஆண்ட்ரோஜன் சார்ந்த முடி உதிர்வுள்ள பெண்களின் இரத்தத்தில் பி12 குறைவதை 1990-இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளை உட்கொள்வோரிடமும் பி12, ஃபோலிக் அமிலம், பி6 ஆகியவற்றின் இரத்த அளவு சற்றுக் குறைந்து காணப்படுவதுண்டு. இவ்வாறு குறைந்து காணப்படும் எல்லோருக்கும் உண்மையான குறைபாடு இருப்பதாகக் கொள்ள முடியாது. இரத்தத்தில் பி12-ஐச் சுமந்து செல்லும் புரதத்தின் அளவு மாறுவதாலும் எண் குறைந்து தெரியலாம். ஏற்கெனவே உடலில் சேமிப்பு குறைந்தவர்களுக்குத்தான் இது சிக்கலாகிறது.

யாருக்குச் சேமிப்பு குறைவு? பி12 இயற்கையில் விலங்குவழி உணவுகளிலேயே கிடைக்கிறது. இறைச்சி, மீன், முட்டை, பால், தயிர் ஆகியவையே அதற்கு மூலம். பாலும் தயிரும் குறைவாகச் சேர்க்கும் சைவ உணவினருக்கு இருப்பு மிகக் குறைவாகவே இருக்கும். பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையும் தரப்படுவதுண்டு. அது குடலில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. கூடிய அளவிலும் நீண்ட காலமும் மெட்ஃபார்மின் உட்கொள்வோரிடம் பி12 குறைபாடு பரவலாகக் காணப்படும் பக்கவிளைவு என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் அறிவுறுத்தியது. நெஞ்செரிச்சலுக்காக ஆண்டுக்கணக்கில் பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் உட்கொள்வோருக்கும் இதே இடர் உண்டு.

சைவ உணவு, மெட்ஃபார்மின், கருத்தடை மாத்திரை ஆகிய மூன்றும் ஒரே பெண்ணிடம் சேர்வது எங்கள் புறநோயாளிப் பிரிவில் அன்றாடக் காட்சி. பாதங்களில் எறும்பு ஊர்வதுபோன்ற உணர்வு, மரத்துப்போதல், நாக்கு சிவந்து எரிதல், காரணமற்ற சோர்வு, மறதி ஆகியவை தோன்றினால் ‘வேலைப்பளு’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். பி12 பரிசோதனை எளியது. குறைபாடு கண்டறியப்பட்டால் மாத்திரையாலோ ஊசியாலோ சரிசெய்யலாம். நீண்ட காலம் கவனிக்காமல் விட்டால் நரம்புகளுக்கு ஏற்படும் பாதிப்பு முழுமையாகத் திரும்பாமலும் போகலாம்.

ஓர் எச்சரிக்கை. பி12-ஐச் சோதிக்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் அதிக அளவில் தாமாகவே உட்கொள்ளாதீர்கள். இரத்தசோகை சரியானதுபோல் தோன்றும். நரம்புப் பாதிப்போ உள்ளே தொடர்ந்துகொண்டிருக்கும்.

இரும்புச்சத்து: சிகிச்சையின் பலனைத் தீர்மானிப்பது

இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு கண்டது. முடி உதிர்வுக்காக எங்களிடம் வரும் பெண்களுக்கு ஹீமோகுளோபினுடன் ஃபெரிட்டின் பரிசோதனையையும் எழுதுவது இதனால்தான். ஹீமோகுளோபின் அன்றாடக் கையிருப்பு என்றால், ஃபெரிட்டின் பெட்டகத்தில் உள்ள சேமிப்பு. கையிருப்பு குறையுமுன் சேமிப்பு கரையத் தொடங்கிவிடும்.

சைப்ரோடெரோன் சிகிச்சை பெற்ற பெண்களை ஆராய்ந்த பிரிட்டன் ஆய்வாளர்கள், 1992-இல் முக்கியமான ஒரு கருத்தை முன்வைத்தனர். ஃபெரிட்டின் சேமிப்பு போதுமான அளவு இருந்த பெண்களிடமே ஹார்மோன் சிகிச்சையின் பலன் நன்கு வெளிப்பட்டது என்பது அது. முடிக்கும் இரும்புக்கும் உள்ள உறவு குறித்து அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆயினும் இரும்புக் குறைபாட்டை வைத்துக்கொண்டு விலையுயர்ந்த ஹார்மோன் சிகிச்சையைத் தொடர்வது, ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும் என்பதே என் அனுபவம்.

ஹார்மோன் மருந்துகள் இரும்பின் அளவை இரு திசையிலும் மாற்றக்கூடும். கருத்தடை மாத்திரைகள் மாதவிடாய்ப் போக்கைக் குறைப்பதால் இரும்பிழப்பும் குறைகிறது. ஸ்பைரோனோலாக்டோனைத் தனியாக உட்கொள்வோர் சிலருக்கு மாதவிடாய் ஒழுங்கற்று அடிக்கடி வரலாம். அப்போது இழப்பு கூடும். மாதவிடாயில் ஏற்படும் மாற்றத்தைக் கூச்சமின்றி மருத்துவரிடம் தெரிவிப்பது இதனால் அவசியமாகிறது.

கம்பு, கொள்ளு, கொண்டைக்கடலை, எள், கீரை வகைகள் ஆகியவற்றில் இரும்பு உண்டு. தாவர உணவிலுள்ள இரும்பு குறைவாகவே உறிஞ்சப்படும். அதனுடன் நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா போன்ற வைட்டமின் சி நிறைந்தவற்றைச் சேர்த்தால் உறிஞ்சப்படுவது கூடும். சாப்பிட்டவுடன் காபியோ தேநீரோ அருந்தினால் அது வெகுவாகக் குறையும். உணவுக்கும் காபிக்கும் இடையே குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள். அசைவம் உண்போருக்கு ஈரலும் சுவரொட்டியும் சிறந்த மூலங்கள். எனினும் ஈரலில் வைட்டமின் ஏ மிகுதியாக இருப்பதால், கருவுற்றிருப்போரும் கருவுற விரும்புவோரும் அதை அளவோடு உண்ண வேண்டும்.

தைராய்டு மாத்திரை உட்கொள்வோருக்கு

தைராய்டு குறைபாட்டாலும் முடி உதிரும். அதற்குத் தரப்படும் தைராக்சின் மாத்திரையும் ஒரு ஹார்மோனே. அது வெறும் வயிற்றில், தண்ணீருடன் மட்டும் உட்கொள்ள வேண்டியது. காலை உணவுக்கும் காபிக்கும் முன்பாக அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி தேவை. இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் தைராக்சினுடன் பிணைந்து அதன் உறிஞ்சலைத் தடுப்பதால், நான்கு மணி நேரம் கழித்தே அவற்றை உட்கொள்ளலாம். மூன்றையும் ஒரே கைப்பிடியில் விழுங்கிவிட்டு, ‘மாத்திரை சாப்பிட்டும் தைராய்டு கட்டுப்படவில்லையே’ என்று வருந்துவோரை வாரந்தோறும் காண்கிறேன்.

‘முடிச்சத்து’ மாத்திரைகள்: சொல்லாமல் சேர்க்காதீர்கள்

முடி உதிரும் பெண்களின் கைப்பையில், மருத்துவர் எழுதாத ஒரு புட்டி பெரும்பாலும் இருக்கும். அதில் முதலிடம் பயோட்டினுக்கு. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம் பயோட்டின் போதுமானது. கடைகளில் விற்கும் மாத்திரைகளிலோ 5,000 முதல் 10,000 மைக்ரோகிராம் வரை இருக்கிறது. பயோட்டின் குறைபாடு இல்லாதவர்களுக்கு அதனால் முடி வளரும் என்பதற்குத் தக்க சான்று இல்லை.

அது தரும் இடையூறு வேறிடத்தில் இருக்கிறது. ஆய்வகப் பரிசோதனைகள் சிலவற்றில் பயோட்டின் ஒரு வேதிப்பொருளாகப் பயன்படுவதால், இரத்தத்தில் மிகுந்திருக்கும் பயோட்டின் முடிவுகளைத் திரித்துவிடுகிறது. நலமாக உள்ளவருக்குத் தைராய்டு மிகை இருப்பதாகக் காட்டலாம். மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் அளவைக் குறைத்தும் காட்டலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இது குறித்து 2017-இலும் மீண்டும் 2019-இலும் எச்சரித்தது. ஹார்மோன் பரிசோதனைக்கு வருமுன் குறைந்தது இரண்டு நாள்களாவது பயோட்டினை நிறுத்துங்கள். உட்கொண்டிருந்தால், அதை இரத்தம் எடுப்பவரிடம் சொல்லுங்கள்.

செலினியமும் வைட்டமின் ஏ-யும் அளவு மீறினால் அவையே முடியை உதிர்க்கும். 2008-இல் அமெரிக்காவில் ஒரு திரவச் சத்துணவில், தயாரிப்புப் பிழையால் குறிப்பிட்டதைவிட ஏறத்தாழ 200 மடங்கு செலினியம் கலந்துவிட்டது. 201 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோருக்கு முடி உதிர்ந்தது. சத்து என்ற பெயர் தாங்கியதெல்லாம் கேடற்றது என்னும் எண்ணம் தவறானது.

எடை குறைப்பும் பட்டினியும்

ஹார்மோன் மாத்திரை உடலைப் பருக்கச் செய்யும் என்ற அச்சத்தால், சிலர் சிகிச்சை தொடங்கியவுடன் இரவு உணவைக் கைவிடுகின்றனர். வேறு சிலர் மாத்திரையால் எழும் குமட்டலால் காலை உணவைத் தவிர்க்கின்றனர். உணவும் புரதமும் திடீரெனக் குறைந்தால், இரண்டு மூன்று மாதங்கள் கழித்து முடி கொத்துக்கொத்தாக உதிரும். அப்போது மருந்து பலனளிக்கவில்லை என்று எண்ணி அதையும் நிறுத்திவிடுகின்றனர். குமட்டல் இருந்தால் மாத்திரையை உணவுக்குப் பின் உட்கொள்ளலாமா என்று கேளுங்கள். ஸ்பைரோனோலாக்டோனை நாள்தோறும் ஒரே முறையில், உணவுடன் உட்கொள்வது நல்லது. பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, மீன் என ஏதேனும் ஒரு புரதம் ஒவ்வொரு வேளையிலும் இருக்கட்டும்.

ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பை உயர்த்தக்கூடும். ஏற்கெனவே அது மிகுந்திருப்போர், சிகிச்சை தொடங்குமுன் கொழுப்புப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

கருவுற விரும்பினால்

ஸ்பைரோனோலாக்டோன், சைப்ரோடெரோன், ஃபினாஸ்டரைடு ஆகியவை கருவிலுள்ள ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியவை. இவற்றை உட்கொள்ளும் காலத்தில் நம்பகமான கருத்தடை கட்டாயம். குழந்தைக்குத் திட்டமிடும் எண்ணம் எழுந்தவுடன், கருவுறும்வரை காத்திராமல் மருத்துவரைச் சந்தியுங்கள். எப்போது நிறுத்துவது, எவ்வளவு காலம் காத்திருப்பது என்பதை அவர் சொல்வார். நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தொடங்க வேண்டிய காலமும் அதுவே. மருந்தை நிறுத்திய சில மாதங்களில் முடி மீண்டும் உதிரலாம் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருந்தால் மனம் தளராது.

அடுத்த முறை வரும்போது

நோயாளிகளும் உடன் வருவோரும் கீழ்க்கண்டவற்றைச் செய்தால், என் போன்ற மருத்துவர்களின் பிழைகளும் குறையும்:

• நேற்று காலை முதல் இரவு வரை உண்டதையும் அருந்தியதையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். இளநீர், சாறு, சத்துமாவு, லேகியம் எதையும் விட்டுவிடாதீர்கள்.

• வீட்டில் பயன்படுத்தும் உப்புப் பொட்டலத்தின் பின்புறத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வாருங்கள்.

• பிற மருத்துவர் எழுதியவை, கடையில் நீங்களே வாங்கியவை, சித்த, ஆயுர்வேத மருந்துகள் உட்பட எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் கொண்டு வாருங்கள்.

• பரிசோதனைக்குக் குறித்த நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வெளியூர் சென்றால் அங்கேயே ஓர் ஆய்வகத்தில் செய்து, முடிவை அனுப்புங்கள்.

• பக்கவிளைவு தோன்றினால் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டு ஒதுங்கிவிடாமல், எங்களிடம் சொல்லுங்கள். கால் துவளுதல், நெஞ்சுப் படபடப்பு, மயக்கம் ஆகியவற்றுக்கு உடனே அவசரப் பிரிவுக்கு வரவும். கெண்டைக்கால் ஒருபுறம் வீங்கி வலித்தாலோ, திடீர் மூச்சுத்திணறல் ஏற்பட்டாலோ அவ்வாறே செய்யவும். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை உட்கொள்வோருக்கு இவை இரத்தக்கட்டியின் அறிகுறிகளாக இருக்கலாம்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். ‘முடிதானே, இதற்கா இத்தனை மருந்து?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அஞ்சியே பல பெண்கள் மருந்தையும் மறைத்து உண்கிறார்கள், பக்கவிளைவையும் மறைக்கிறார்கள். சமைப்பவர் யாராக இருப்பினும், இம்மருந்து எந்த உணவோடு பொருந்தும், எதோடு பொருந்தாது என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் குறிப்பிட்ட ஆசிரியைக்கு ஸ்பைரோனோலாக்டோனை நிறுத்திவிட்டோம். தடவும் மினாக்சிடிலும், குறைவாக இருந்த இரும்புச்சத்துக்கான மாத்திரையும் தொடர்கின்றன. எட்டு மாதங்களில் உதிர்வு குறைந்திருக்கிறது. வகிடு பழைய நிலைக்குத் திரும்பவில்லை, ஆனால் மேலும் அகலவில்லை. அது போதும் என்று அவர் சொல்கிறார். சென்ற மாதம் வந்தபோது, நான் கேட்கும் முன்பே கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் ஒரு வாரத்து உணவு, வேளை வாரியாக, வகுப்பறைக் கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது.

இப்போது என் அறைக்கு வரும் ஒவ்வொரு பெண்ணிடமும், மருந்துச் சீட்டை எழுதுமுன் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “வீட்டில் என்ன உப்பு பயன்படுத்துகிறீர்கள், அம்மா?” ஒருவேளை நான் கேட்க மறந்தாலும், நீங்கள் சொல்ல மறவாதீர்கள்.